கடலைக்கொடி காலடியில் போகாமல் இருக்க: ஆட்டுக்குத் தீவனத் தட்டி செய்யும் முழு வழிமுறை

கடலைக்கொடியைத் தரையில் அள்ளிப் போட்டு ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். ஆடு மேலே இருக்கும் இலையை நுனிவாயால் பொறுக்கும், நல்லதைத் தேடி முன்காலால் கிளறும், அதன் மேலேயே புழுக்கை போடும், அப்புறம் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மிதித்ததை வெள்ளாடு தின்னாது. அப்படியே பசியில் தின்றாலும் புழுக்கையோடு சேர்ந்து குடற்புழு முட்டையும் ரத்தக் கழிச்சல் கிருமியும் வயிற்றுக்குள் போகும். குட்டிகள் கழிவதற்குத் தரைத்தீனி ஒரு பெரிய காரணம்.

இதற்குத்தான் தட்டி. கம்பித் தட்டியைச் செய்து மாட்டியவர்கள் பலரும் செய்யும் தவறு, தட்டிக்கு அடியில் தொட்டி வைக்காததுதான். கடலைக்கொடியில் சத்து இருப்பது இலையில். காய்ந்த இலை தொட்டாலே உதிரும், உதிர்ந்தது எல்லாம் தரைக்குப் போனால் ஆட்டுக்கு மிஞ்சுவது வெறும் தண்டு. ஆகவே நாம் செய்யப் போவது இரண்டு பகுதி உள்ள ஒரே சாமான்: மேலே சாய்வான கம்பித் தட்டி, கீழே இலை பிடிக்கும் தொட்டி.

கீழே சொல்லும் அளவுகள் 10 பெரிய ஆடுகளுக்கானவை.

1. முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு ஆட்டிடம் போங்கள்

கடைக்குப் போய் வலையை வாங்கிவிட்டு அப்புறம் ஆட்டை அளப்பவர்கள்தான் அதிகம். வாங்கிய வலைக்கு ஏற்ப ஆட்டை மாற்ற முடியாது என்பதால் வரிசை தலைகீழாகக் கூடாது. நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை தலை: ஒரு பெரிய ஆட்டுக்கு 1 அடி முகப்பு வேண்டும். சினை ஆடு என்றால் ஒன்றேகால் அடி, ஏனென்றால் வயிறு பக்கவாட்டில் இடிக்கும், பக்கத்து ஆடு முட்டும்.

நெஞ்சு உயரம்: தரையிலிருந்து முன்கால்களுக்கு நடுவே இருக்கும் நெஞ்செலும்பு வரை. பட்டியிலேயே குட்டையான பெரிய ஆட்டை அளக்க வேண்டும், உயரமான கிடாவை அல்ல.

வாயின் அகலம்: மூக்குத் துவாரத்துக்குச் சற்று மேலே, குறுக்கே. நாட்டு ஆடுகளுக்கும் போயர் (தென்னாப்பிரிக்க இறைச்சி ஆட்டினம்) கலப்புக்கும் இதில் நல்ல வித்தியாசம் உண்டு.

கொம்பு: இருக்கிறதா, எந்தப் பக்கம் வளைகிறது. இது ஏன் முக்கியம் என்பது ஐந்தாவது படியில் வரும்.

2. ஒன்றாகச் செய்யாதீர்கள், இரண்டாகச் செய்யுங்கள்

10 ஆட்டுக்கு 10 அடி முகப்பு. 10 அடியில் ஒரே நீளமாகச் செய்தால் கணக்கு சரியாகத்தான் வரும், ஆனால் எந்தப் பட்டியிலும் ஒரு மூத்த பெட்டை இருக்கும், அது நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் ஒன்றை முட்டும், அந்தப் பக்கம் ஒன்றை முட்டும், கடைசியில் பயந்த ஆடு இரண்டு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும். 5 அடியில் இரண்டாகச் செய்து எதிரெதிர்ச் சுவரில் மாட்டினால் அந்தப் பெட்டையால் இரண்டையும் காவல் காக்க முடியாது. செலவு கொஞ்சம்தான் கூடும். தூக்கி மாட்டுவதும் சுலபம்.

இடம் பார்க்கும்போது மூன்று விஷயம்: மழைச்சாரல் படக்கூடாது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது (வாயில் ஒட்டிய தீனியைத் தண்ணீரில் கழுவும், வாய்த் தண்ணீரைத் தீனியில் சொட்டும், இரண்டும் கெடும்), நீங்கள் பட்டிக்குள் நுழையாமல் வெளியிலிருந்தே நிரப்ப முடிந்தால் நல்லது. தீவனக் கட்டோடு உள்ளே போகிறவரைப் பத்து ஆடு சூழ்ந்தால் என்ன ஆகும் என்று ஆடு வளர்ப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பரண் கொட்டில் (தரையிலிருந்து உயர்த்திப் பலகை அடித்த கொட்டில்) என்றால் தட்டியைப் பரணுக்கு வெளியே மாட்டுங்கள். உள்ளே மாட்டினால் நிற்கும் இடமும் குறையும், சிந்துவது பலகை இடுக்கில் அடைத்துக்கொள்ளும்.

3. வாங்க வேண்டியவை

இரண்டு தட்டிக்கும் சேர்த்து:

1 அங்குல சதுர இரும்புக் குழாய், 20 அடி நீளத்தில் 4. கைக்குச் சட்டென்று வளையும் மெலிந்த குழாய் வேண்டாம், ஆடு முன்காலைத் தூக்கி வைக்கும்.

8 மி.மீ. கம்பி, 40 அடி நீளத்தில் 3. கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பியை விட வழவழப்பான கம்பி நல்லது, வரிவரியாக இருந்தால் மூக்கு உரசிப் புண்ணாகும். 8 அடிக்கு 4 அடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு ஒன்று, 1 மி.மீ. கனம். மூடிக்கு இரண்டு கீல் செட், ஒரு துண்டு பிளைவுட். சுவரில் மாட்ட நான்கு அங்குல ஆங்கர் போல்ட் 8. ஓர் அரம். கிரைண்டரும் வெல்டிங்கும் உங்களிடம் இல்லையென்றால் பட்டறையில் கொடுத்துவிடலாம், அளவுச் சீட்டை மட்டும் நீங்கள் கொடுங்கள். "ஆட்டுக்கு ஒரு தட்டி பண்ணிக் குடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால் ஜன்னல் கிரில் மாதிரி ஒன்று கிடைக்கும்.

வெல்டிங்கே வேண்டாம் என்பவர்கள் சவுக்குக் கம்பில் சட்டம் அடித்து, பிளந்த மூங்கிலைக் கம்பிக்குப் பதிலாக வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டலாம். இரண்டு வருடம் வரும். மூங்கிலின் பச்சைப் புறம் ஆட்டைப் பார்த்து இருக்க வேண்டும், உள்புறச் சிம்பு வாயில் குத்தும்.

தகட்டுக்குப் பதில் நீல டிரம்மைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக வைப்பதும் வழக்கம். அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்தோ ஆசிட்டோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்பக்கூடாது.

4. சட்டம்

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தட்டி இப்படி இருக்க வேண்டும்: பின்பக்கம் சுவரோடு நேராக, 2 அடி உயரம். முன்பக்கம் சாய்வாக. அடியில் சுவரிலிருந்து 3 அங்குலம், மேலே 12 அங்குலம். அதாவது மேலே அகன்ற வாய், கீழே குறுகிய கழுத்து. மேலே போட்ட கொடி தின்னத் தின்னத் தானாக கீழே சரிந்து வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சாய்வு.

முதலில் பின்சட்டம்: 5 அடிக்கு 2 அடி செவ்வகம். அப்புறம் முன்பக்கத்துக்கு 5 அடியில் மேல்குழாய் ஒன்று, கீழ்குழாய் ஒன்று. இரண்டு ஓரத்திலும் சாய்வுக் குழாய் வைத்துச் செவ்வகமாக்கி, பின்சட்டத்தோடு மேலே 12 அங்குலத் துண்டாலும் கீழே 3 அங்குலத் துண்டாலும் இணைக்க வேண்டும். முழுதாகப் பற்ற வைக்கும் முன் நான்கு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி மட்டும் வைத்து, மூலைக்கு மூலை குறுக்களவு பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் சட்டம் கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். கோணிய சட்டத்தில் கம்பி இடைவெளி ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் குறுகும், அந்த விரிந்த பக்கத்தில்தான் குட்டி தலையை விடும்.

அடியில் இருக்கும் 3 அங்குல இடுக்கை அப்படியே திறந்து விட்டால் கொடி கொத்தாகத் தொட்டியில் விழும். மூடிவிட்டால் இலை இறங்காது. நடுவில் நீளவாக்கில் ஒரே ஒரு கம்பி வைத்தால் போதும், இலை இறங்கும், தண்டு நிற்கும். பக்கவாட்டு முக்கோண ஓரங்களைத் தகட்டால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் தின்று முடித்த ஆடு சும்மா இராமல் அங்கேதான் தலையை நீட்டும்.

5. கம்பி இடைவெளி: இங்கேதான் ஆடு சாகும், கவனம்

நான் முதலில் செய்தது 4 அங்குலக் கட்டம் போட்ட ரெடிமேட் வலையில். பார்க்க நன்றாக இருந்தது, விலையும் குறைவு. மூன்றாம் நாள் விடியற்காலையில் பட்டியிலிருந்து ஒரு மாதிரியான முனகல். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பெட்டை ஆடு கட்டத்துக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு, முன்னங்கால் மடங்கி முட்டி போட்டு நிற்கிறது. நாக்கு வெளியே. பின்னால் இன்னொரு ஆடு சாவகாசமாக அதை முட்டிக்கொண்டிருக்கிறது. கழுத்தை உள்ளே தள்ளி, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு கொம்பாக வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அன்றைக்கே வலையைக் கழற்றிவிட்டேன்.

காரணம் எளிது. நாட்டு ஆட்டின் கொம்பு பின்னோக்கிச் சாயும். உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போய்விடும், வெளியே இழுக்கும்போது தூண்டில் முள் மாதிரி மாட்டும். ஆடு பயந்தால் பின்னால்தான் இழுக்கும்.

ஆகவே விதி இதுதான்: வாய் நுழைய வேண்டும், நெற்றி நுழையக் கூடாது. கம்பிக்குக் கம்பி இரண்டரை அங்குலம். 5 அடிச் சட்டத்தில் ஓரக் குழாய்கள் போக உள்ளே 58 அங்குலம் கிடைக்கும், அதில் 20 கம்பி நிறுத்தினால் இடைவெளி இரண்டரைக்குச் சற்றுக் குறைவாக விழும். ஒவ்வொரு கம்பியும் 26 அங்குலம். ஒரு 40 அடிக் கம்பியில் 18 துண்டு வரும், இரண்டு தட்டிக்கு 40 துண்டு என்பதால்தான் 3 கம்பி வாங்கச் சொன்னேன். மூன்றாவதில் 4 துண்டு மட்டும் வெட்டிக்கொண்டு மிச்சத்தை அடிக்கம்பிக்கும் முட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் டேப் வைத்து அளந்து நிறுத்தினால் பத்தாவது கம்பிக்குள் அரை அங்குலம் தவறிவிடும். இடைவெளி அளவில் ஒரு மரத்துண்டை வெட்டிக்கொண்டு, கம்பியை ஒட்டி வைத்து அடுத்த கம்பியை நிறுத்துவதே நேராக வரும். கம்பிகள் நெட்டுக்குத்தாக மட்டும் இருக்கட்டும், குறுக்குக் கம்பி வேண்டாம். கட்டம் விழுந்தால் ஆடு தலையைத் திருப்பிக் கொடியை உருவ முடியாமல் மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்கும், இலை எல்லாம் பறக்கும்.

போயர் கலப்புக் கிடா மாதிரி வாய் அகன்றவை இருந்தால் இந்த இடைவெளியோடு இன்னும் முக்கால் அங்குலம் வரை கூட்டலாம், ஆனால் அந்தப் பட்டியில் பால்குடிக் குட்டிகள் இருக்கக்கூடாது. கழுத்தில் கயிறோ மணியோ கட்டியிருந்தால் தட்டி மாட்டிய அன்றே அவிழ்த்துவிடுங்கள். கயிறு கம்பியில் சிக்கினால் கொம்பை விட மோசம்.

6. அடித்தொட்டி

தகட்டில் 5 அடிக்கு 2 அடியாக இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். 8 அடிக்கு 4 அடித் தகட்டில் அவை பக்கம் பக்கமாக வந்துவிடும், மிச்சமிருக்கும் 3 அடித் துண்டில் பக்கவாட்டு அடைப்புகள் எல்லாம் கிடைக்கும். ஒவ்வொரு துண்டையும் பின்னால் 2 அங்குலம் மேலே மடக்கி, அடிப்பாகம் 16 அங்குலம், முன்னால் 4 அங்குல உதடு, மிச்ச 2 அங்குலத்தை உதட்டின் மேல் வெளிப்பக்கமாக இரண்டாக மடித்துத் தட்டி விடுங்கள். இந்த மடிப்பை மட்டும் மறக்கவேண்டாம், வெட்டிய தகட்டு விளிம்பு கத்தி மாதிரி, ஆட்டின் தொண்டை நாள் முழுக்க அதன் மேல்தான் கிடக்கும்.

16 அங்குலம் எங்கிருந்து வந்தது? தட்டியின் மேல்விளிம்பு சுவரிலிருந்து 12 அங்குலம் வெளியே வருகிறது. ஒரு நூலில் கல்லைக் கட்டி அந்த விளிம்பிலிருந்து தொங்கவிட்டால் கல் தொட்டிக்குள் விழ வேண்டும், விளிம்பில் அல்ல, குறைந்தது மூன்று நான்கு அங்குலம் உள்ளே. ஆடு வாயில் கவ்விய கொடியைத் தலையாட்டி உதறும், அந்த உதறலுக்கான இடம் அது. நீங்கள் வேறு அளவில் செய்தாலும் இந்தக் கல் சோதனையைச் செய்து பாருங்கள்.

தொட்டித் தரைக்கும் தட்டி அடிக்கும் நடுவே 5 அங்குலம் விடுங்கள், மூக்கு போய் இலையை நக்கி எடுக்க வேண்டும். தொட்டி அடியில் பென்சில் நுழைகிற அளவில் ஐந்தாறு துளை போட்டால் மண் இறங்கும், கழுவும்போது தண்ணீரும் வடியும். தாங்குவதற்குச் சதுரக் குழாயில் 16 அங்குலத் துண்டு மூன்று.

7. மூடி

தட்டியின் வாய் திறந்திருந்தால் குட்டி ஏறி உள்ளே படுக்கும். படுப்பதோடு நிற்காது. தீனி மேல் புழுக்கை விழுந்துவிட்டால் இவ்வளவு பாடுபட்டதற்கு அர்த்தமில்லை. பிளைவுட்டைக் கீல் வைத்து மாட்டி, சுவரிலிருந்து முன்னோக்கிச் சரிவாக இருக்கும்படி செய்யுங்கள். தட்டையான மூடி என்றால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

8. மாட்டும் உயரம்

தொட்டி உதட்டின் மேல்விளிம்பு, முதல் படியில் அளந்த நெஞ்சு உயரத்தில் வர வேண்டும். என் ஆடுகளுக்கு அது 16 அங்குலம், உங்களுக்கு ஓரிரு அங்குலம் மாறலாம்.

இதில் எல்லோரும் உயரமாகத்தான் தப்பு செய்கிறார்கள். ஆடு எம்பித் தழை தின்கிற பிராணிதானே என்று தலைக்கு மேலே மாட்டிவிடுவார்கள். பச்சைத் தழைக்கு அது சரி. காய்ந்த கொடியை அண்ணாந்து தின்றால் தூசியும் சிம்பும் நேராகக் கண்ணில் விழும், ஒரு வாரத்தில் கண்ணில் தண்ணீர் வடியும், வெள்ளை படரும். ரொம்பத் தாழ்வாக இருந்தாலோ முன்காலைத் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு நிற்கும்.

சுவர் ஹாலோ பிளாக் என்றால் ஆங்கர் போல்ட் பிடிக்காது, சுவரின் மறுபக்கம் வரை நீண்ட போல்ட் விட்டு வாஷர் போட்டு முறுக்குங்கள். மாட்டியதும் நீங்களே இரண்டு கையாலும் தொங்கிப் பாருங்கள். உங்களைத் தாங்கினால் இரண்டு கிடாக்களையும் தாங்கும்.

9. ஆடு தொடுவதற்கு முன் உங்கள் கை தொடட்டும்

வெறும் கையை எல்லாக் கம்பியிலும், எல்லா மூலையிலும், தொட்டி உதட்டின் அடியிலும் தடவுங்கள். வெல்டிங் சிதறிய பொட்டு, வெட்டிய குழாயின் முனை, நீட்டிக்கொண்டிருக்கும் கட்டுக்கம்பி வால் எதுவாக இருந்தாலும் அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

பெயின்ட் அடிக்க ஆசைப்பட்டால் சட்டத்துக்கு மட்டும் அடித்து, பத்து நாள் வெயிலில் காயவிட்டு மாட்டுங்கள். கம்பிக்கும் தொட்டிக்கும் வேண்டாம், நாள் முழுக்க நக்கும். வீட்டில் கிடக்கும் பழைய பெயின்ட்டைத் தீர்க்கும் இடம் இது அல்ல, அதில் ஈயம் இருந்தால் ஆட்டுக்கு விஷம்.

10. முதல் நாள்

முதல் நாள் இரவில் விடாதீர்கள். காலையில், நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில், பாதி மட்டும் நிரப்பிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். எந்த ஆடாவது நெற்றி வரை உள்ளே தள்ளுகிறதா, எது ஒதுங்கி நிற்கிறது, தொட்டிக்கு வெளியே எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். கொஞ்சம் விழத்தான் செய்யும். தட்டியில் கடைசி வரை தொடாத தண்டு நின்றால் அடி இடுக்கு குறுகல், கொத்துக் கொத்தாகத் தொட்டியில் விழுந்தால் இடுக்கு அகலம், இரண்டுக்கும் அடிக்கம்பியை நகர்த்தினால் சரியாகிவிடும்.

சில ஆடுகள் இரண்டு நாள் பக்கத்திலேயே வராது. கம்பிக்கு வெளியே நாலு இலையை நீட்டிக்கொண்டு இருக்கும்படி விட்டால் பழகிக்கொள்ளும்.

11. எதை எங்கே போடுவது

கடலைக்கொடி, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டைக் கொடி, அப்படியே தட்டிக்குள். போடும் முன் வேர்ப்பக்கத்தைப் பிடித்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், மண் கொட்டும். கறுப்போ சாம்பலோ பூத்த கொடியை ஒதுக்குங்கள், கடலையைப் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கட்டு கட்டிய பிளாஸ்டிக் கயிற்றை எண்ணி எடுங்கள், நான்கு கட்டுக்கு நான்கு கயிறு கையில் இருக்க வேண்டும். ஆட்டின் வயிற்றில் அது கரையாது.

சோளத்தட்டையை முழுதாகத் தட்டியில் சொருகினால் தோகையை மட்டும் உருவிவிட்டுத் தண்டை விட்டுவிடும். இரண்டு அங்குலமாக நறுக்கித் தொட்டியில் போடுங்கள். கம்பு நேப்பியர் புல்லும் அப்படியே. அகத்தி, சூபாபுல், கிளுவை எல்லாம் தனியாகக் கட்டித் தொங்கவிடுவதே நல்லது. சூபாபுல் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வைக்கோல் மட்டும் போட்டால் தட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆடு தேறாது. கடலைக்கொடியில் இருக்கும் புரதத்தில் பாதி கூட வைக்கோலில் கிடையாது.

30 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த கணக்கில் (ஈரத்தைக் கழித்த எடையில்) 1 கிலோ முதல் 1.2 கிலோ வரை தீனி வேண்டும், மேய்ச்சலுக்குப் போகும் ஆடு என்றால் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரே தடவை அமுக்கி நிரப்பாமல் காலையும் மாலையும் இரண்டு பங்காகப் போடுங்கள். அமுக்கினால் கொடி சரியாது, ஆடு வலுவாக இழுக்கும், மறுபடி இலை உதிரும்.

12. துடைப்பதும் குட்டிகளும்

தினம் காலையில் தொட்டியில் மிஞ்சிய தண்டை வழித்து எடுத்துவிட்டுப் புதுசு போடுங்கள். எடுத்ததை எருக்குழியில் போடலாம், மாடு இருந்தால் அது தின்னும். பழசின் மேல் புதுசைக் கொட்டினால் அடியில் எச்சில் ஈரம் சேர்ந்து புளித்த வாடை வரும், அந்த வாடை வந்த தொட்டியை ஆடு தொடாது, ஆனால் நீங்கள் தீனி மிஞ்சுகிறதே, பசி இல்லையோ என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வாரம் ஒரு நாள் தொட்டியைக் கழுவி வெயிலில் காயவிடுங்கள், மாதம் ஒரு தடவை போல்ட்டை முறுக்கிப் பாருங்கள்.

பால் மறந்த குட்டிகளுக்கு இதே வடிவத்தில் சின்னதாக ஒன்று தனியே செய்யுங்கள்: ஒரு குட்டிக்கு அரை அடி முகப்பு, கம்பி இடைவெளி ஒன்றரை அங்குலம், உதடு குட்டியின் நெஞ்சு உயரத்தில். பெரிய ஆட்டின் தட்டிக்கு முன்னால் செங்கல் அடுக்கிக் குட்டிக்குப் படி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்தில் அந்தச் செங்கல் மேல் பெரிய கிடா நின்றுகொண்டிருந்தது.